காரணி ஊட்டாத தட்டில் ஏ.எம்.எல். செல்கள்: வளர்த்து எண்ணும் முறை

பெரியவர்களின் அக்யூட் மைலாய்டு லுகேமியாவில் (ஏ.எம்.எல்., ஒரு ரத்தப் புற்றுநோய்), நோயாளியின் பிளாஸ்ட் செல்கள் (முதிராத புற்றுச் செல்கள்) வெளியிலிருந்து வளர்ச்சிக் காரணி (செல்லைப் பெருகத் தூண்டும் புரதம்) எதுவும் ஊட்டாமலே பெருகினால் நோய் திரும்பும் ஆபத்து கூடுதல். 1993-இல் ராட்டர்டாம் ஆய்வாளர்கள் டி.என்.ஏ. உற்பத்தியை அளந்து இதைக் காட்டினார்கள். காலனி, அதாவது ஒரு செல்லிலிருந்து பெருகிய செல் திரள், எண்ணியும் இதைப் பார்க்கலாம்.

கீமோ தொடங்கும் முன்பே ஹெபாரின் (உறையாமல் தடுக்கும் மருந்து) குழாயில் எலும்பு மஜ்ஜை எடுங்கள். 24 மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்குங்கள். சம அளவு பி.பி.எஸ். (உப்புக் கரைசல்) கலந்து, 1.077 அடர்த்தியுள்ள ஃபைகால் (செல்களை அடர்த்தியால் பிரிக்கும் திரவம்) மேல் மெதுவாக விட்டு, 400 ஜி விசையில் 30 நிமிடம், பிரேக் போடாமல் சுழற்றுங்கள். இடையில் நிற்கும் வெண்படலத்தை எடுத்து இருமுறை கழுவுங்கள்.

அடுத்த படிதான் முடிவையே தீர்மானிக்கிறது. மோனோசைட்டும் டி-செல்லும் (இரண்டும் வெள்ளையணு வகைகள்) தாமே காரணிகளைச் சுரக்கும். அவை கலந்திருந்தால் பிளாஸ்ட் தானாக வளர்வதுபோல் தோன்றும். பிளாஸ்டிக் தட்டில் 37 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால் மோனோசைட் ஒட்டிக்கொள்ளும். ஒட்டாததை மட்டும் எடுங்கள். டி-செல்லை, அதன் மேலுள்ள சிடி3 புரதத்தைப் பிடிக்கும் காந்த மணிகளால் நீக்குங்கள். பிறகு சைட்டோஸ்பின் (செல்களைச் சுழற்றிக் கண்ணாடியில் படியவைக்கும் கருவி) ஸ்லைடில் பிளாஸ்ட் 90 சதவீதமாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

3 மி.லி. மெத்தில்செல்லுலோஸ் ஊடகத்தில் (செல் வளர்க்கும் பிசுபிசுப்பான கூழ்), மி.லி.க்கு 10 லட்சம் செல் உள்ள கரைசல் 0.3 மி.லி. சேர்த்து நன்றாகக் குலுக்குங்கள். குமிழி அடங்க ஐந்து நிமிடம் விடுங்கள். பிப்பெட்டில் எடுத்தால் ஊடகம் பாதி ஒட்டிக்கொண்டுவிடும். சிரிஞ்சும் மழுங்கிய 16 கேஜ் ஊசியும்தான் சரி. 35 மி.மீ. தட்டு ஒன்றுக்கு 1.1 மி.லி., அதாவது ஒரு லட்சம் செல். ஜி.எம்.-சி.எஸ்.எஃப்., ஐ.எல்.-3 என்ற வளர்ச்சிக் காரணிகள் சேர்த்து ஒரு ஜோடித் தட்டு, எதுவும் சேர்க்காமல் ஒரு ஜோடி. கடையில் கிடைக்கும் ஊடகங்கள் பலவற்றில் காரணி ஏற்கெனவே கலந்திருக்கும். லேபிளைப் படிக்காமல் வாங்கினால் சோதனையே வீண். செல் நெருக்கமாக இருந்தால் ஒன்றையொன்று ஊட்டி வளர்க்கும் என்பதால், பாதி எண்ணிக்கைச் செல்லிலும் ஒரு ஜோடி போட்டு வையுங்கள்.

37 டிகிரி, 5 சதவீத கார்பன் டை ஆக்சைடு. தட்டுகளோடு மூடியில்லாத தண்ணீர்த் தட்டு ஒன்றும் வையுங்கள். இல்லாவிட்டால் ஓரம் காய்ந்து காலனி சுருங்கிவிடும்.

7-ஆம் நாளும் 14-ஆம் நாளும் எண்ணுங்கள். 20 செல்லுக்கு மேல் உள்ள திரளைக் காலனி என்று கொண்டால் கடைசிவரை அதே அளவுகோல்தான். சில காலனிகளை எடுத்துச் சாயமிடுங்கள்; நோயாளியின் புற்றுச் செல்லில் உள்ள மரபணு மாற்றத்தையும், உதாரணமாக என்.பி.எம்.1 மரபணுவில், அவற்றில் தேடுங்கள். இயல்பான மஜ்ஜைக் காலனியும் அதே தட்டில் வளரக்கூடும்.

இந்த எண்ணிக்கையை மட்டும் வைத்து சிகிச்சையை மாற்றக் கூடாது, குரோமோசோம், எஃப்.எல்.டி.3 மரபணு முடிவுகளோடு சேர்த்தே படிக்க வேண்டும். எந்த ஜோடியிலும் எதுவுமே வளரவில்லையா? அதை நல்ல அறிகுறியாக எழுதிவிடாதீர்கள். முதல் நாள் டிரைபான் நீலச் சோதனையில் (இறந்த செல் மட்டும் நீலமாகும்) எத்தனை செல் உயிரோடிருந்தது என்று திரும்பிப் பாருங்கள்.