மெயில் சேர்வர் நிறுவும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் லினக்ஸ் பழகும் பெடியன்கள் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சேர்வர் மென்பொருளை மளமளவென்று நிறுவிவிடுகிறார்கள். அப்புறம் எங்கள் காலத்தில் ஆட்கள் விட்ட அதே பிழைகளை வரிசை மாறாமல் விடுகிறார்கள். கடவுச்சொல், பேக்கப் பற்றி எல்லோரும் சொல்வார்கள், அவற்றை விடுகிறேன்.

மைநெட்வொர்க்ஸ்

கடவுச்சொல் கேட்காமலே யாருடைய அஞ்சலை வெளியே அனுப்பலாம் என்று சேர்வருக்குச் சொல்லும் பட்டியல் இது. போஸ்ட்ஃபிக்ஸ் 3.0 வந்ததிலிருந்து, ஒன்றும் எழுதாவிட்டால் அந்தச் சேர்வர் தன்னை மட்டுமே நம்பும். நல்ல ஏற்பாடு. நம் ஆட்கள் பழைய வழிகாட்டியைப் பார்த்து உள்வலை முகவரிகளான 192.168.1.0/24 முழுவதையும் எழுதி வைப்பார்கள். கேட்டால், "உள்வலைக்கு மட்டும்தானே அண்ணை திறந்தனான்" என்பார்கள். இந்தப் பதிலைக் கேட்டால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும்.

உப்புவெளிப் பக்கம் ஒரு விடுதியில் இப்படித்தான் நடந்தது. வெள்ளைக்காரர் குவியும் சீசன். "தம்பி, புக்கிங் மெயில் ஒண்டும் ஆக்களுக்குப் போய்ச் சேரேல்லையாம்" என்று மேலாளர் அழைத்தார். காத்திருக்கும் அஞ்சல் வரிசையைக் காட்டும் மெயில்க்யூ கட்டளையை அடித்தால் திரை ஓடிக்கொண்டே இருக்கிறது, எல்லாம் யாரோ அனுப்பிய ஸ்பாம். லாக்கைத் திறந்தால் அனுப்பியவர் முகவரி வரிக்கு வரி 192.168.1.1. அது அவர்களுடைய ரவுட்டர்.

சேர்வர்கள் ஒன்றுக்கொன்று அஞ்சல் கொடுக்கும் 25ஆம் போர்ட்டை உள்ளே திருப்பிவிட்ட அந்த ரவுட்டர், வெளியிலிருந்து வரும் இணைப்பின் மூல முகவரியையும் தன் முகவரியாக மாற்றிக்கொண்டிருந்தது. ஆகவே உலகத்தில் யார் வந்து தட்டினாலும் சேர்வருக்கு அவர் உள்வீட்டு ஆள். நிறுவியவர் வரவேற்பறைக் கணினியிலிருந்து சோதித்துப் பார்த்து, வேலை முடிந்தது என்று போய்விட்டார். ஸ்பாமை வரிசையிலிருந்து அழிக்க ஒரு கட்டளை போதும். கறுப்புப் பட்டியலில் ஏறிய ஐபி முகவரியை இறக்குவதற்குத்தான் பட்டியல் பட்டியலாக அலைய வேண்டும். அதுவரை விடுதியின் நியாயமான அஞ்சலும் திரும்பி வரும்.

சரி, என்ன செய்வது? ரவுட்டரில் அந்த முகவரி மாற்றத்தை நிறுத்துங்கள். மைநெட்வொர்க்ஸ் பட்டியலில் சேர்வர் தன்னையே குறிக்கும் 127.0.0.0/8 இருக்கட்டும், கடவுச்சொல் அனுப்பத் தெரியாத ஸ்கேனர் இருந்தால் அதன் தனி முகவரியை மட்டும் சேருங்கள். மற்றக் கணினிகள் அஞ்சல் ஒப்படைக்கும் போர்ட்டான 587இல் கடவுச்சொல்லோடு வரட்டும். பிறகு வெளியிலுள்ள ஒரு சேர்வரிலிருந்து டெல்நெட் செய்து, உங்களுடையதல்லாத ஒரு முகவரிக்கு அனுப்பிப் பாருங்கள். 'ரிலே ஆக்ஸஸ் டினைட்' என்று மறுக்க வேண்டும். அந்த இணைப்பு லாக்கில் எந்த முகவரியோடு பதிவாகிறது என்பதையும் பாருங்கள். கைபேசி டேட்டாவில் சோதிக்க வேண்டாம். அங்கே 25ஆம் போர்ட் அடைபட்டிருந்தால், இணைப்பே கிடைக்காததைப் பாதுகாப்பு என்று நினைத்துவிடுவீர்கள்.

என்எஃப்எஸ் மேல் எம்பாக்ஸ்

என்எஃப்எஸ் என்பது வலை வழியே கணினிகள் பகிரும் கோப்பிடம்; எம்பாக்ஸ் என்பது ஒருவரின் அஞ்சல் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைக்கும் முறை. பல கணினிகள் ஒரே பெட்டிக் கோப்பில் எழுதும்போது, ஒன்று எழுதுகையில் மற்றதைத் தடுக்கும் பூட்டு ஒருமுறை தவறினால் போதும், அஞ்சல்கள் ஒன்றுக்குள் ஒன்று கலந்துவிடும். மெயில்டிர் வையுங்கள், அதில் ஒவ்வொரு அஞ்சலும் தனிக் கோப்பு.

எம்எக்ஸ் பதிவு

உங்கள் டொமைனுக்கு வரும் அஞ்சலை எந்தச் சேர்வர் வாங்கும் என்று டிஎன்எஸ்ஸில் சொல்லும் பதிவு இது. இது சீநேமை, அதாவது வேறொரு பெயருக்கு மாற்றுப் பெயராக மட்டும் இருக்கும் பெயரை, காட்டக் கூடாது.

அலையசஸ் கோப்பு

எந்தப் பெயருக்கு வரும் அஞ்சல் யாருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் கோப்பு இது. திருத்தினால் நியூஅலையசஸ் கட்டளையை ஓட்டுங்கள், அப்போதுதான் மாற்றம் நடைமுறைக்கு வரும். சேர்வர் பொறுப்பாளருக்கான போஸ்ட்மாஸ்டர் முகவரிக்கு வரும் அஞ்சல் உயிருள்ள ஆள் ஒருவருக்குப் போகட்டும்.

சாஃப்ட் பவுன்ஸ்

நிரந்தர மறுப்பைத் தற்காலிக மறுப்பாக மாற்றி, அஞ்சலைத் திருப்பாமல் வரிசையில் வைக்கும் அமைப்பு இது. சோதனைக்காகப் போட்டதை முடிந்ததும் எடுத்துவிடுங்கள். எடுக்காவிட்டால், பிழையான முகவரிக்குப் போன அஞ்சல் 5 நாள் வரிசையில் கிடக்கும்; அனுப்பியவர் அது போய்ச் சேர்ந்துவிட்டது என்றே இருப்பார்.