இறுகிப்போன ஆங்கிள் காக் நட்டைக் கழற்ற

ஃப்ளஷ் டேங்குக்குப் போகும் கனெக்‌ஷன் பைப்பை மாற்ற உட்கார்ந்தேன். பத்து நிமிட வேலைதான். ஆனால் ஆங்கிள் காக்கில் (சுவரிலிருந்து அந்தப் பைப்புக்குத் தண்ணீர் விடும் சின்ன வால்வு) இருந்த நட்டு அசையவே இல்லை. போர் தண்ணீர் வீடு. மரையைச் சுற்றி வெள்ளையும் பச்சையுமாக உப்புப் படிந்திருந்தது.

இந்த உப்பு பெரும்பாலும் சுண்ணாம்புதான், புளிப்புக்குக் கரையும். பழைய துணியை வினிகரில் நனைத்து நட்டைச் சுற்றிக் கட்டி, ஒரு மணி நேரம் விட்டேன். (கழிவறை ஆசிட்டை ஊற்றிவிடாதீர்கள், குரோம் பூச்சு போய்விடும்.) அப்புறம் ஸ்பேனர் பிடியால் நட்டின் பக்கவாட்டில் நாலைந்து முறை லேசாகத் தட்டினால் பொருக்கு விட்டுக்கொடுக்கும்.

முக்கியமானது இதுதான்: இரண்டு ஸ்பேனர் வேண்டும். ஒன்றால் ஆங்கிள் காக்கை அசையாமல் பிடித்துக்கொண்டு, மற்றொன்றால் நட்டைத் திருப்புங்கள். ஒன்றை மட்டும் போட்டு முறுக்கினால் சுவருக்குள் இருக்கும் பைப் மரை உடையும். டைல்ஸை உடைக்க வேண்டிவரும். முதலில் இறுக்கும் பக்கம் ஒரு நூல் அளவு, பிறகு எதிர்ப்பக்கம். 'டக்' என்று ஒரு சத்தம் வந்தால் சரி, கழன்றுவிட்டது.

பிளாஸ்டிக் நட்டுக்கு ஸ்பேனரே வேண்டாம், துணி சுற்றிக் கையால் திருப்பினால் போதும். புதிய பைப்பை மாட்டும்போது அந்த நட்டுக்கு டெஃப்லான் டேப் (மரையில் சுற்றும் மெல்லிய வெள்ளை டேப்) தேவையில்லை, உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர்தான் தண்ணீரை நிறுத்துகிறது. மேல்தொட்டி வால்வை முதலிலேயே மூடிவிடுங்கள். நான் மறந்து, முழுக்க நனைந்தேன்.