பழைய யூனிக்ஸில் எடிட்டரைக் கம்பைல் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

விம், ஈமாக்ஸ் போன்ற உரை எடிட்டர்களின் மூலநிரலை, சோலாரிஸ், எச்பி-யூஎக்ஸ், சன்ஓஎஸ் ஆகிய யூனிக்ஸ் வகைகள் ஓடும் பழைய கணினிகளில் கம்பைல் செய்ய (இயங்கும் நிரலாக மாற்ற) முனைபவர்கள் பெரும்பாலும் 'மேக்' என்ற கட்டும் கருவி ஓடும் கட்டத்தில்தான் முட்டி நிற்கிறார்கள். பிழைச் செய்தி தெரிவது அங்கேதான். ஆனால் கோளாறு அதற்கு முன்பே, கணினியைச் சோதிக்கும் 'கான்ஃபிகர்' ஸ்கிரிப்ட் ஓடியபோதே நுழைந்திருக்கும்.

கான்ஃபிகரின் வேலை எளிது. ஒரு ஃபங்ஷன் கணினியில் இருக்கிறதா என்று அறிய, நாலைந்து வரிகளில் ஒரு சி நிரலை எழுதி, கம்பைல் செய்து, லைப்ரரியோடு (ஆயத்த ஃபங்ஷன்களின் தொகுப்போடு) இணைத்துப் பார்க்கும். இணைந்தால் 'உண்டு', இல்லாவிட்டால் 'இல்லை'. ஏன் இணையவில்லை என்று அது ஆராய்வதில்லை. கேள்வியே கம்பைலருக்குப் புரியாமல் போனாலும் விடை 'இல்லை'தான். பெரும்பாலான தொல்லைகளின் வேர் இதுதான் என்பது என் கருத்து.

எச்சரிக்கைகளையும் பிழைகளாகக் கருதும்படி கம்பைலருக்குச் சொல்லும் தேர்வைச் சிலர் வழக்கம்போல, கம்பைலர் தேர்வுகளுக்கான சிஃப்ளாக்ஸ் மாறியில் வைத்துவிடுவார்கள். கான்ஃபிகர் தன் சோதனை நிரல்களில் ஃபங்ஷன்களை வேண்டுமென்றே பொய்யான வடிவில் அறிவிக்கும். ஜிசிசி கம்பைலர் அதைப் பார்த்து எச்சரிக்கும். எச்சரிக்கை பிழையாகும். உடனே நினைவகத்தைக் கையாளும் ஃபங்ஷன்களான மெம்மூவ் இல்லை, மெம்செட் இல்லை என்று வரிசையாக 'இல்லை' விழும். எடிட்டரும் அதை நம்பி, தன்னிடமுள்ள மாற்று ஃபங்ஷன்களைச் சேர்க்கும். பிறகு மேக் ஓடும்போது அவை கணினியின் தலைப்புக் கோப்புகளோடு (ஃபங்ஷன்களை அறிவிக்கும் கோப்புகளோடு) மோதும். அந்த மோதலைப் பார்த்துவிட்டு மூலநிரலைத் திருத்தப் போகிறவர்களைப் பற்றி என்ன சொல்வது! எச்சரிக்கைத் தேர்வுகளை மேக் கட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

'இல்லை' என்பது உண்மையாகவே இருப்பதும் உண்டு. சன்ஓஎஸ் 4 கணினியில் மெம்மூவ் கிடையாது, பிழை எண்ணைச் செய்தியாக்கும் ஸ்ட்ர்எரர் கிடையாது, உரையை வடிவமைக்கும் ஸ்பிரிண்ட்எஃப் எழுத்துகளின் எண்ணிக்கைக்குப் பதில் ஒரு பாயின்டரை (நினைவக முகவரியை)த் திருப்பித் தரும். எனவே எது உண்மையான இல்லை, எது பொய்யான இல்லை என்று பிரித்தறிய வேண்டும். அதற்கு ஒரே வழி 'கான்ஃபிக்.லாக்' கோப்பு. தோற்ற ஒவ்வொரு சோதனையின் நிரலும், கம்பைலர் முணுமுணுத்த பதிலும் அதில் இருக்கும். நீளமான கோப்புதான், ஆனாலும் திறந்து பாருங்கள். விம்மில் அது மூலநிரல் அடைவுக்குள் 'ஆட்டோ' என்ற உள் அடைவில் கிடைக்கும்.

அடுத்தது கம்பைலர். எச்பி-யூஎக்ஸோடு இலவசமாக வரும் சிசி கம்பைலர், கெர்னலை (இயங்குதளத்தின் மையப்பகுதியை) மறுபடி கட்டுவதற்காக வைக்கப்பட்டது. அதற்கு ஆன்சி சி (சி மொழியின் தரப்படுத்தப்பட்ட வடிவம்) தெரியாது. ஆன்சி முறையைக் கேட்கும் தேர்வைக் கொடுத்தால், ஒரு எச்சரிக்கையோடு அதைப் புறக்கணித்துவிட்டு வேலையைத் தொடரும். விலைக்கு வாங்கிய கம்பைலர் இருந்தாலும் கண்டிப்பான ஆன்சி முறையை மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால், தலைப்புக் கோப்புகள் யூனிக்ஸுக்கே உரிய அறிவிப்புகளை மறைத்துக்கொள்ளும். விரிவாக்கப்பட்ட ஆன்சி முறையையே கேளுங்கள்.

சோலாரிஸில் பொறி வேறு இடத்தில் இருக்கிறது. பிஎஸ்டி (பெர்க்லியில் உருவான யூனிக்ஸ் கிளை) ஒத்திசைவுக்கான 'யுசிபி' அடைவு, கட்டளைகளைத் தேடும் இடங்களைச் சொல்லும் பாத் மாறியில் முன்னால் நின்றால், அங்குள்ள சிசி அகப்பட்டுக்கொள்ளும். அது பிஎஸ்டி லைப்ரரியோடு இணைக்கும். தலைப்புக் கோப்போ யூனிக்ஸின் இன்னொரு கிளையான சிஸ்டம் ஃபைவ் வகை. இந்தப் பொருந்தாக் கூட்டணியின் விளைவு விசித்திரமானது: அடைவைப் படிக்கும்போது கோப்புப் பெயர்களின் முதல் இரண்டு எழுத்துகள் காணாமல் போகும். கம்பைல் ஆகும், ஓடும், கோப்புப் பட்டியலில் மட்டும் தலையில்லாப் பெயர்கள் வரும். எடிட்டரில் பிழை என்று நினைத்துத் தேடினால் நாள் முழுவதும் தேடலாம். பாத் மாறியில் யுசிபியைக் கடைசிக்குத் தள்ளுங்கள். மேக், ஏஆர் முதலிய கருவிகள் இருக்கும் 'சிசிஎஸ்' அடைவைச் சேர்க்க மறவாதீர்கள்.

முனைய லைப்ரரியில் செய்யும் தவறுகள் இன்னும் நுட்பமானவை. டெர்ம்கேப், டெர்மின்ஃபோ இரண்டும் முனையங்களின் திறன்களை விவரிக்கும் வெவ்வேறு தரவுத்தளங்கள். முன்னது பிஎஸ்டியிலிருந்து, பின்னது சிஸ்டம் ஃபைவிலிருந்து வந்தது. ஆனால் முனைய விவரத்தைத் தேடி எடுக்கும் 'டிகெட்என்ட்' என்ற ஃபங்ஷன் இரண்டு வகை லைப்ரரியிலும் உண்டு. அதனால் எதை இணைத்தாலும் கான்ஃபிகர் திருப்தியடைந்துவிடும். பழைய டெர்ம்கேப் ஒரு முனையத்தின் விவரத்துக்கு 1024 பைட்தான் இடம் ஒதுக்கும். நீண்ட விவரம் அதில் அடங்காது. டெர்மின்ஃபோ உள்ள கணினியில் டெர்ம்கேப்பை வலிந்து இணைப்பதில் எந்த லாபமும் இல்லை.

என்கர்சஸ் என்ற முனைய லைப்ரரியைத் தனியாக நிறுவியிருந்தால் தலைப்புக் கோப்பும் லைப்ரரியும் ஒரே இடத்திலிருந்து எடுக்கப்படுகின்றனவா என்று பாருங்கள். லைப்ரரி இருக்கும் இடத்தை இணைக்கும்போதே நிரலுக்குள் பதித்துவிடுவது நல்லது. சோலாரிஸ் லிங்கரில் (இணைக்கும் கருவியில்) அதற்கு 'ஆர்' தேர்வு உண்டு. அதை விட்டுவிட்டு, லைப்ரரிகளைத் தேடும் இடத்தைச் சொல்லும் எல்டி லைப்ரரி பாத் மாறியை எல்லோருடைய கணக்கிலும் திணிப்பது சோம்பேறித்தனம். சம்பந்தமில்லாத நிரல்களும் அதனால் தவறான லைப்ரரியை எடுக்கும்.

எல்லாம் சரியாக முடிந்து எடிட்டர் திறக்கவில்லை என்றால், முனைய வகையைச் சொல்லும் டெர்ம் மாறியைப் பாருங்கள். உங்கள் புதிய கணினி அனுப்பும் 256 வண்ண எக்ஸ்டெர்ம் பெயர் அந்தப் பழைய தரவுத்தளத்தில் இருக்காது. முதலில் விடி100 என்ற பழைய முனையத்தின் பெயரை வைத்துச் சோதியுங்கள். இதற்காக மறுபடி கம்பைல் செய்வது வீண்வேலை.

சில சின்ன விஷயங்கள். சோலாரிஸ் 10 வரை இயல்பான ஷெல் (கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரல்) பழைய போர்ன் ஷெல். மாறிக்கு மதிப்புக் கொடுப்பதையும் எக்ஸ்போர்ட் செய்வதையும் ஒரே கட்டளையில் எழுதினால் அது ஏற்காது. கான்ஃபிகர் தடுமாறினால் 'கான்ஃபிக் ஷெல்' மாறியில் கார்ன் ஷெல்லைக் காட்டுங்கள். கணினியின் கடிகார பேட்டரி செத்து தேதி பின்தங்கியிருந்தால், மூலநிரல் கோப்புகள் எதிர்காலத்தவை ஆகிவிடும். மேக் ஏற்கெனவே முடித்த வேலையையே திரும்பத் திரும்பச் செய்யும். மூலநிரல் பொதிந்த தார் கோப்பை விரிக்கும் முன் தேதியைச் சரிசெய்யுங்கள்.

கான்ஃபிகர் உருவாக்கிய 'கான்ஃபிக்.எச்' கோப்பைக் கையால் திருத்துவது பலருக்கு முதல் யோசனையாக வருகிறது. ஈமாக்ஸ் 18ஆம் பதிப்பின் காலத்தில் அதுவே முறை. இப்போது கான்ஃபிகர் மறுபடி ஓடியதும் உங்கள் திருத்தம் அழிந்துவிடும். விம்மில் நிரந்தர மாற்றங்களை மேக்ஃபைலில் உள்ள தேர்வு வரிகளில் செய்ய வேண்டும். கம்பைலரையோ லைப்ரரியையோ மாற்றினால் சேமிக்கப்பட்ட பழைய விடைகளையும் அழித்துவிடுங்கள். விம் அவற்றை ஒரு கேஷ் கோப்பில் வைத்திருக்கும். நீங்கள் திருத்திய பிறகும் அதே பழைய 'இல்லை'யைச் சொல்லும். 'ரீகான்ஃபிக்' என்ற மேக் இலக்கு இதற்காகவே இருக்கிறது.

புதிய பதிப்புதான் வேண்டும் என்ற பிடிவாதமும் வேண்டாம். 2013இல் வந்த விம் 7.4, ஃபங்ஷன்களைப் ஆன்சிக்கு முந்தைய பழைய கே அண்ட் ஆர் பாணியில் எழுதியிருந்தது. 2016இல் அந்தப் பாணி கைவிடப்பட்டது. பழைய கம்பைலரோடு மல்லுக்கட்டுவதை விட அந்த மாற்றத்துக்கு முந்தைய பதிப்பை எடுப்பது புத்திசாலித்தனம். வரைகலை இடைமுகத்தை நிறுத்திவிட்டு, குறைந்த வசதிகளோடு முதலில் கட்டுங்கள். அது ஓடிய பிறகு ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம்.

நிறுவும்போது கணினியின் சொந்த விஐ எடிட்டர் இருக்கும் இடத்தில் புதியதைப் போடாதீர்கள். பழுதுபார்ப்புக்கான ஒற்றைப் பயனர் நிலையில் கணினி எழும்போது எல்லாக் கோப்பு முறைமைகளும் இணைந்திருக்காது. உங்கள் எடிட்டர் தேடும் லைப்ரரி இணைக்கப்படாத பகுதியில் இருந்தால், உடைந்த அமைப்புக் கோப்பைத் திருத்த உங்களிடம் எடிட்டரே இருக்காது. கான்ஃபிகரின் ப்ரிஃபிக்ஸ் தேர்வில் தனி அடைவைக் கொடுத்து அங்கே நிறுவுங்கள்.