அடிமைமுறையை எதிர்த்த பெண்ணைப் பற்றிக் கவிதை நாவலா? சறுக்கும் இடங்கள் இவை

பதின்வயது வாசகர்களுக்காகக் கவிதையில் வரலாற்று நாவல் எழுத உட்காருகிறவர்கள் முதலில் கெடுப்பது கதாநாயகியைத்தான். அடிமைமுறையை எதிர்த்தவள் என்றால் தொட்டிலிலேயே எதிர்க்கத் தொடங்கியவள்போல எழுதிவிடுகிறார்கள். பக்கத்துக்குப் பக்கம் முழக்கம். அவள் காலையில் குடித்த காப்பிக்கான சர்க்கரைக்குக் கரும்பை யார் ஆட்டினார்கள் என்ற கேள்வி மட்டும் வராது.

கியூபாவின் எழுத்தாளர் ஹெர்த்ரூதிஸ் கோமெஸ் தே அவெயானேதாவை எடுத்துக்கொள்வோம். 1814இல் புவெர்த்தோ பிரின்சிப்பே நகரில், இன்றைய கமாகுவேயில், வசதியான குடும்பத்தில் பிறந்தவர். செல்லப்பெயர் தூலா. வீட்டார் பேசிவைத்த பணக்கார மாப்பிள்ளையைப் பதின்வயதிலேயே வேண்டாம் என்றவர். 1836இல், அப்போது கியூபாவை ஆண்ட ஸ்பெயினுக்குக் கப்பலேறினார். 1841இல் மாட்ரிட்டில் அவருடைய ‘சாப்’ நாவல் வெளிவந்தது. எஜமானரின் மகளைக் காதலிக்கும் சாப் என்ற கலப்பின அடிமையின் கதை அது. அடிமைமுறையை எதிர்த்த புகழ்பெற்ற அமெரிக்க நாவல் ‘டாம் மாமாவின் குடிசை’ நூலாக வர இன்னும் 11 ஆண்டுகள் இருந்தன. கியூபாவில் ‘சாப்’ தடைசெய்யப்பட்டது.

இதைப் படித்ததும் யாருக்கும் கை பரபரக்கும். ஆனால் இதே தூலா 1859இல் கியூபாவுக்குத் திரும்பியது ஸ்பானிய ராணுவ அதிகாரி ஒருவரின் மனைவியாக. 1869 முதல் வெளிவந்த தன் தொகுப்பு நூல்களில் ‘சாப்’ நாவலை அவர் சேர்க்கவில்லை. இதை மறைத்து எழுதினால் பதினைந்து வயதுப் பிள்ளை ஒரே தேடலில் கண்டுபிடித்துவிடும். அப்புறம் நம் நாவலில் எதையும் நம்பாது. சிறுமிப் பருவத்தோடு கதையை முடிக்கிறவர்கள்கூட அந்தச் சிறுமிக்குள் கொஞ்சம் தயக்கத்தை, கொஞ்சம் சொகுசை விட்டுவைக்க வேண்டும்.

இன்னும் பெரிய தவறு, கட்டாயத் திருமணத்தையும் அடிமைத்தனத்தையும் ஒரே தட்டில் வைப்பது. இதற்கு வித்து மூலத்திலேயே இருக்கிறது. நாவலின் கடைசியில் சாப் எழுதும் கடிதம், அடிமையாவது எஜமானரை மாற்றலாம், பணம் சேர்த்து விடுதலை வாங்கலாம், மனைவிக்கு அந்த வழியும் இல்லை என்கிறது. 1841இல் ஒரு பெண் இப்படி எழுதியது துணிச்சல்தான். இன்று நாம் அதையே அப்படியே பாடினால் பொய். குறித்த விலையைத் தவணையாகக் கட்டி விடுதலை பெறும் முறை கியூபாவில் உண்மையிலேயே இருந்தது. ஆனால் நகரத்தில் கூலி ஈட்ட முடிந்தவர்களுக்கே அது பெரும்பாலும் எட்டியது. அறுவடைக் காலத்தில் இரவும் பகலும் ஓடிய கரும்பாலையில் யார் காசு சேர்ப்பது? மாப்பிள்ளை வேண்டாம் என்ற தூலாவுக்கு ஒரு கப்பல் கிடைத்தது. அடிமைப் பெண்ணுக்குப் பிறந்த குழந்தையோ எஜமானரின் சொத்துக் கணக்கில் ஏறியது. இரண்டையும் எதிரெதிர்ப் பக்கங்களில் இரு கவிதைகளாக வையுங்கள். ஒப்பீட்டை வாசகரே செய்துகொள்வார்.

பல குரல்களில் எழுதும்போது அடிமைகளுக்கு நன்றி சொல்லும் வேலையை மட்டும் கொடுத்துவிடுவதும் வழக்கம். அதற்கு முன் ஹுவான் பிரான்சிஸ்கோ மன்சானோவைப் படிக்க வேண்டும். கியூபாவில் அடிமையாகப் பிறந்த கவிஞர். எஜமானர் எழுதிப் போட்ட காகிதங்களைப் பொறுக்கி, அந்த எழுத்தின் மேலேயே எழுதி எழுதிப் பழகியவர். 1835இல் அடிமையாக இருக்கும்போதே தன்வரலாறு எழுதினார். அது 1840இல் லண்டனில் ஆங்கில மொழிபெயர்ப்பாக வந்தது. அவருடைய அடிகளும் பட்டினியும் எந்த வீரமங்கையின் வருகைக்காகவும் காத்திருக்கவில்லை. இப்படி ஒருவர் இருக்கும்போது நம் நாவலில் வரும் அடிமைக்கு ‘அம்மணி, நீங்கள் தெய்வம்’ என்ற வசனம் மட்டும் எழுதுவதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

களத்தையும் காலத்தையும் பற்றிச் சுருக்கமாக. அமெரிக்கத் தென்மாநிலங்களின் பருத்திக்காட்டைத் தூக்கிவந்து கியூபாவில் நடாதீர்கள். அங்கே கரும்பு, காப்பி, தூலாவின் ஊரில் மாட்டுப் பண்ணைகளும். ஆப்பிரிக்கர்களைக் கப்பலில் கொண்டுவருவது 1820இலேயே சட்டவிரோதம் ஆகிவிட்டது. அப்படியும் கப்பல்கள் வந்துகொண்டே இருந்தன, அதிகாரிகள் கண்டுகொள்ளவில்லை. கியூபாவில் அடிமைமுறை முற்றாக ஒழிந்தது 1886இல், தூலா இறந்து 13 ஆண்டுகள் கழித்து. கடைசி அத்தியாயத்தில் விடுதலை மணி அடிக்க வழியில்லை.

கவிதை விஷயத்தில் ஒன்றே ஒன்று. உரைநடையை வரிவரியாக உடைத்துப் போட்டால் கவிதை ஆகாது. ஆண்டும் புள்ளிவிவரமும் மடக்கி எழுதப்பட்டால் பாடநூல்தான். தணிக்கை பற்றிச் சொல்ல வேண்டுமா? மகளின் தாள்களை அடுப்பில் போடும் தாயின் கை போதும். நம்மிடம் ஆசிரியப்பாவின் நடை இருக்கிறது. தளை தட்டினாலும் பேச்சைச் சுமக்கத் தெரிந்த நடை. ஆச்சரியக்குறிகளைவிட அது உதவும்.

அந்தத் தாயும் அடுப்பும் உங்கள் கற்பனை என்றால் பின்னுரையில் சொல்லிவிடுங்கள். எந்த வேலைக்காரியை நீங்கள் உருவாக்கினீர்கள், எந்த உரையாடல் நடக்கவே இல்லை, எந்த இரு நிகழ்வுகளை ஒரே நாளில் சேர்த்தீர்கள் என்று இரண்டு பக்கம் எழுதினால் போதும்.