பழைய ஃபிலிம் கேமரா வாங்கப் போகிறீர்களா? டார்ச்சோடு போங்கள்

பென்டாக்ஸ் கே1000, நிக்கான் எஃப்எம்2 என்று எது கண்ணில் பட்டாலும் முதலில் லென்ஸைக் கழற்றிப் பாருங்கள். ஒளி நுழையும் துளையைக் கூட்டிக் குறைக்கும் அப்பெர்ச்சர் வளையத்தை முழுதாகத் திறந்து, பின்பக்கமிருந்து செல்போன் டார்ச்சை அடியுங்கள். சிலந்தி வலை மாதிரி நூல் நூலாகத் தெரிந்தால் அது பூஞ்சை. குற்றாலச் சாரல் எட்டும் தென்காசிப் பக்கத்து வீடுகளில், தோல் உறையோடு பீரோவிலேயே கிடந்த லென்ஸ் என்றால் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். நாலைந்து தூசி இருந்தால் பரவாயில்லை. பூஞ்சை கண்ணாடிப் பூச்சையே அரித்துவிடும். விலை குறைவு என்று ஏமாறாதீர்கள்.

வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் வேலை செய்யவில்லையா? அதற்காக நல்ல கே1000-ஐ விட்டுவிடாதீர்கள். அதில் பேட்டரி மீட்டருக்கு மட்டும்தான், ஷட்டர் முழுக்க இயந்திரம். மீட்டர் இல்லாமலே கணக்குப் போடலாம்: நல்ல வெயிலில் அப்பெர்ச்சர் எஃப் 16, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 200 ஃபிலிமுக்கு ஷட்டர் வேகம் 1/250 நொடி. நெல்லை குறுக்குத்துறைப் படித்துறையில் வெயில் அடிக்கும்போது இந்தக் கணக்கே போதும். மரத்தடி நிழலுக்கு வந்தால் எஃப் 4.

அப்புறம், வீட்டில் தோல் உறைக்குள் வைக்கவே வைக்காதீர்கள், அது ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட, காற்றுப் புகாத டப்பா போதும்.