நாசில் சுவரில் பிளாஸ்மா: ஊசியை எங்கே வைப்பது?

நாசில் என்பது ராக்கெட் எஞ்சினில் வாயு வெளியேறும் விரிந்த குழாய். விண்வெளிக்கென்று செய்த நாசிலைத் தரையில் இயக்கினால், உள்ளே அழுத்தம் மிகவும் குறைந்துபோய் ஓட்டம் சுவரை விட்டுப் பிரிந்துவிடும். பிரியும் இடம் ஓரிடத்தில் நிற்காமல் ஆடும். நாசில் பக்கவாட்டில் உதை வாங்கும். பிரியும் இடத்துக்கு அருகே சுவரில் மின்பொறியால் பிளாஸ்மா (மின்னூட்டம் பெற்ற சூடான வாயு) உண்டாக்கி, அந்த இடத்தை அசைக்க முடியுமா என்று பார்ப்பதே இந்தச் சோதனை. 2024 நவம்பரில் மகேந்திரகிரியில் இஸ்ரோவின் சிஇ-20 ராக்கெட் எஞ்சினைத் தரைமட்டத்தில் எரித்தபோது இதற்கென்றே ஒரு நாசில் பாதுகாப்பு அமைப்பு வைத்தார்கள். அந்த நாசில் வாயில் அழுத்தம் சுமார் 50 மில்லிபார்தான்.

நமக்கு எரிபொருள் வேண்டாம், கம்ப்ரஸர் காற்று போதும். என்னுடையது தட்டை நாசில்: தொண்டை (மிகக் குறுகிய இடம்) 10 மி.மீ. உயரம், 10 மி.மீ. அகலம். மேல், கீழ்ச் சுவர்கள் ஒவ்வொன்றும் 10 டிகிரி விரிந்து வாயில் உயரம் 30 மி.மீ. ஆகும். பக்கச் சுவர்கள் கண்ணாடி.

1. பிரியும் இடம்

நான் ஒரு வாரம் தொலைத்தது இங்கேதான். சுவர் அழுத்தம் வெளிக்காற்றின் 0.4 மடங்குக்கு இறங்கும்போது ஓட்டம் பிரியும் என்பது ராக்கெட் ஆய்வாளர் சம்மர்ஃபீல்டின் பழைய விதி. தோராயம்தான், ஆனால் தொடங்க உதவும். கேஜ் (அழுத்தமானி) 4 பார் காட்டியது. அதையே கணக்கில் போட்டேன். தொண்டையிலிருந்து 26 மி.மீ. என்று வந்தது. பிளாஸ்மா அழகாக ஒளிர்ந்தது, பிரியும் இடத்தில் எழும் அதிர்ச்சி அலை அசையவே இல்லை!

கேஜ் காட்டுவது வெளிக்காற்றுக்கு மேலே உள்ளதை மட்டும். 1 பார் கூட்டி 5 என்று போடுங்கள். 0.4/5 = 0.08, அங்கே வேகம் மாக் 2.3 (ஒலியைப்போல் 2.3 மடங்கு), பரப்பு விகிதம் (தொண்டையோடு ஒப்பிட்டால்) 2.19, தொண்டையிலிருந்து தூரம் 34 மி.மீ. பிளாஸ்மா உண்டாக்கும் மின்முனைகளை இதற்கு 2 மி.மீ. முன்னால், தொண்டைப் பக்கமாக, வையுங்கள். அழுத்தத்தை மாற்றினால் இடமும் மாறும் என்பதால் ரெகுலேட்டரை அப்புறம் தொடாதீர்கள்.

2. எந்த பிளாஸ்மா?

செப்பு டேப்பும் காப்டனும் (மின்சாரம் கடத்தாத பிளாஸ்டிக் படலம்) ஒட்டிச் செய்யும் வகை மலிவு, ஆனால் அது தரும் காற்று விநாடிக்குச் சில மீட்டர். இங்கே ஓட்டம் விநாடிக்கு 550 மீட்டர்! ஊதித் தள்ள முடியாது. சட்டென்று சூடாக்கி உலுக்கத்தான் முடியும். அதனால் என் ஓட்டு டங்ஸ்டன் ஊசி ஜோடிக்கு, துடிப்பு வில்பொறியோடு (விட்டுவிட்டு வரும் வலுவான மின்பொறி). ஊசிகளைச் செராமிக் துண்டில் பதியுங்கள். அக்ரிலிக் கருகிவிடும், பார்த்தாயிற்று.

3. ஓட்டிப் பார்ப்பது

தொட்டிக் காற்று சில விநாடிகளே தாங்கும். ஷ்லீரன் படத்தில் (காற்றின் அடர்த்தி மாற்றத்தைக் காட்டும் படம்) முதலில் பிளாஸ்மா இல்லாமல், அப்புறம் அதோடு பாருங்கள். துடிப்பு வேகத்தைச் சில நூறு ஹெர்ட்ஸிலிருந்து கிலோஹெர்ட்ஸ் வரை மாற்றிக்கொண்டே போங்கள். பல கிலோவோல்ட் விஷயம்: பொறிக்கு மின்சாரம் தரும் மின்தேக்கியைத் தரையிணைத்து வெறுமையாக்காமல் கை வைக்க வேண்டாம்.

பின்சேர்க்கை: மேசையில் ஒழுங்காக இருந்த பொறி, நாசிலுக்குள் அழுத்தம் அளக்கும் உலோகக் குழாய்க்குத் தாவுகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். அழுத்தம் குறைந்தால் காற்று சீக்கிரம் உடையும். மேசையில் போதுமானதாக இருந்த இடைவெளி உள்ளே போதாது. ஊசிக்கு அருகே பிளாஸ்டிக் குழாயே போடுங்கள். அவருடைய சென்சார் போய்விட்டதாம், பாவம்.