மாடல் டி ஃபோர்டு: என்ஜினைச் சேஸிஸில் பொருத்துவது எப்படி?

1908 முதல் 1927 வரை தயாரான ஃபோர்டு மாடல் டி காரின் என்ஜின், சேஸிஸின் (காரின் அடிச்சட்டத்தின்) மேல் மூன்றே இடங்களில் உட்காருகிறது. முன்னால் ஒன்று, பின்னால் இடமும் வலமுமாக என்ஜினிலிருந்து நீளும் இரண்டு கைகள். அன்றைய அமெரிக்க மண்சாலைகளில் சேஸிஸ் முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கு என்ஜினைத் தாக்காதிருக்கவே இந்த ஏற்பாடு. மூன்று இடத்திலும் என்ஜின் தானாகப் படிய வேண்டும். ஸ்பேனரை அதன் பிறகு எடுங்கள்.

1. ரேடியேட்டரைக் கழற்றிவிட்டு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். சேஸிஸில் துரு, பழைய பெயின்ட் எதுவும் இருக்கக் கூடாது. போல்ட் துளைகளைச் சுற்றி விரிசல் இருக்கிறதா என்று விளக்கு வைத்துப் பாருங்கள்.

2. கைகள் பொருந்தும் இடத்தில், சேஸிஸ் சட்டத்தின் குழிவுக்குள் மரத்துண்டு ஒன்று இருக்க வேண்டும். போல்ட்டை இறுக்கும்போது சட்டம் நசுங்காமல் காப்பது அதுதான். உளுத்திருந்தால் கெட்டியான புது மரத்தில் செய்து போடுங்கள். இதை விட்டுவிடுகிறவர்கள் பலர். தயவுசெய்து நீங்கள் விட்டுவிடாதீர்கள்.

3. என்ஜினைச் செயின் பிளாக்கில் (சங்கிலிக் கப்பியில்) தூக்கி, முன்பக்கம் சற்றுத் தாழ்ந்திருக்கும்படி இறக்குங்கள். முன்முனை குறுக்குச் சட்டத்தில் அமர்ந்ததும் பின்கைகளை மெல்ல இறக்கலாம். தொங்கும் என்ஜினுக்கு அடியில் கையை விடவே கூடாது.

4. போல்ட்டுகளைக் கையால் மட்டும் திருகிவிட்டு, என்ஜினின் இரண்டு கைகளும் சட்டத்தில் படிந்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு கைக்கடியில் காகிதம் நுழையும் அளவு இடைவெளி தெரிந்தாலும் நிறுத்துங்கள். கிராங்க்கேஸ் (என்ஜினின் அடிப்பக்க உறை) கோணியிருக்கலாம், சேஸிஸ் வளைந்திருக்கலாம். அதைப் போல்ட்டால் இழுத்துச் சரிசெய்தால் கை விரிசல் விடும். என்ஜினுக்குள் சுழலும் தண்டான கிராங்க்ஷாஃப்டே உடையவும் கூடும். காரணத்தைக் கண்டு நேராக்கிய பிறகே மேலே போக வேண்டும்.

5. இப்போது முன்முனையைப் பிடிக்கும் மூடியையும் பின் போல்ட்டுகளையும் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். இறுக்குவதற்கு முன்பும் பின்பும் கிராங்க் கைப்பிடியைச் சுழற்றிப் பாருங்கள். இறுக்கிய பின் சுற்று கடினமாகிவிட்டால் எங்கோ கோணல் இருக்கிறது என்று பொருள். போல்ட்டுகளைத் தளர்த்தி நான்காவது படிக்குத் திரும்புங்கள்.

6. எல்லாம் சரியென்றால் நட்டு கழலாமல் தடுக்கும் காட்டர் பின்களைப் போட்டு முனைகளை மடக்குங்கள். பழைய பின்களைத் திரும்பப் பயன்படுத்த வேண்டாம்.